சுவரை அகற்றும் முன் கைப்பிடியை வையுங்கள்

(உத்திரமேரூரில் நடைபெற்ற நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயர் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன்.

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்றது. வழக்கமாக இந்த நேரத்தில் மதரஸாவைப் பற்றியோ, ஜகாத் நிதியைப் பற்றியோ நான் பேசுவது உண்டு. இன்று மாடிப்படியைப் பற்றிப் பேசப் போகின்றேன். சிலருடைய முகத்தில் புன்னகை தெரிகின்றது. ஹஜ்ரத்துக்குக் கொத்து வேலையும் தெரியுமோ என்று நினைக்கின்றீர்கள். தெரியாது. தெரியாமல் செய்ததால் என் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கின்றேன்.

நம் மஹல்லாவில் உள்ள பழைய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். தெருத் திண்ணை, நடை, கூடம், கூடத்து ஓரத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு மாடிப்படி. ஒருவர் ஏறினால் எதிரே மற்றொருவர் இறங்க முடியாது. பகலிலும் இருட்டு. என் வீடும் அப்படிப்பட்ட மெத்தை வீடுதான். சென்ற ஆண்டு என் தம்பி மகளின் நிகாஹ் எங்கள் வீட்டில் நடைபெறுவதாக இருந்தது. கூடம் விசாலமாகத் தெரிய வேண்டும், படிக்கட்டுக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று எண்ணி, கூடத்தை ஒட்டிய படிக்கட்டுச் சுவரை எடுத்துவிட முடிவு செய்தோம். கொத்தனார் வந்தார். இரண்டே நாளில் சுவர் போனது. கூடம் அழகாயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

“கம்பி எப்போது வரும்?” என்று கேட்டேன். “நாலு நாள்ல பட்டறையில இருந்து வந்துடும் ஹஜ்ரத்” என்றார்கள். நான்கு நாள் பத்து நாளாயிற்று. பத்து நாள் பத்தொன்பது நாளாயிற்று. நிகாஹ் வேலைகளுக்கிடையே நானும் அதனை மறந்தேன். வெள்ளையடிக்க ஆள் தேடினேன், சமையலுக்கு ஆள் தேடினேன், விளக்கு அலங்காரத்துக்கு முன்பணம் கொடுத்தேன். படிக்கட்டின் ஓரத்தில் ஒரு கயிறு கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரவு மின்சாரம் தடைப்பட்டிருந்தது. மாடி அறையில் உறங்கிய என் தாயார், தஹஜ்ஜுத் தொழுகைக்கு ஒளூச் செய்வதற்காக இருட்டில் இறங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் இறங்கிய படி. ஒவ்வொரு முறையும் இடது உள்ளங்கையை அந்தச் சுவரில் பதித்துக் கொண்டுதான் இறங்குவார்கள். அந்தச் சுவரில் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மேலிருந்து கீழ்வரை, கை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழப்பான ஒரு பட்டை இருந்தது. ஒவ்வொரு ரமலானுக்கும் முன்பு வெள்ளையடித்து அந்தப் பட்டையை மறைப்போம். அது மறுபடியும் வந்துவிடும். அழுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதுவே அந்த வீட்டின் கைப்பிடி என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

அன்று அவர்கள் கையை நீட்டினார்கள். சுவர் இல்லை. தரையிலிருந்து ஐந்தாவது படியில் நின்றவர்கள் பக்கவாட்டில் கூடத்துத் தரையில் விழுந்தார்கள். தொடை எலும்பு இடுப்புக்கருகே முறிந்தது. காஞ்சிபுரத்தில் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார்கள். ஆனால் இன்று வரை ஊன்றுகோல் இன்றி அவர்களால் நடக்க இயலாது. மாடி அறைக்கு அதன்பின் அவர்கள் ஏறியதே இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் என்னைப் பார்த்து அவர்கள் சொன்னது ஒரே வார்த்தைதான்: “சுவர் இருக்குதுன்னு கையை வெச்சேன்பா.”

பட்டறைக்காரர் தாமதித்தார் என்று நான் சொல்லலாம். மின்சாரம் போயிற்று என்றும் சொல்லலாம். உண்மை அதுவன்று. சுவரை எடுக்கச் சொன்னவன் நான். அதற்குப் பதிலாக ஒரு கைப்பிடியை வைக்காமல் அந்த வீட்டில் பத்தொன்பது இரவுகள் உறங்கியவனும் நான்.

மார்க்கம் தொட்டுச் சென்ற விஷயம்

ஓதிக் கொடுக்கும் எனக்கு இது தெரியாத சட்டமும் அன்று. தடுப்பு ஏதும் இல்லாத வீட்டின் மேல்தளத்தில் இரவு உறங்குபவரை விட்டும் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கி விடுகின்றது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வீட்டின் விளிம்பில் தடுப்பு வைப்பது நபிகளார் கவனத்துக்கு வந்த விஷயம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதுகின்ற உபாகமம் என்ற ஆகமத்திலும், புது வீடு கட்டுகிறவர் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையெனில் அங்கிருந்து விழுபவரின் பழி அவ்வீட்டைச் சேரும் என்ற பொருளில் ஒரு கட்டளை காணப்படுகின்றது. மூஸா (அலை) அவர்களின் சமுதாயத்துக்குரிய சட்டமாக அது அங்கே சொல்லப்படுகின்றது.

இன்னொரு செய்தியைச் சொல்கின்றேன். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரை விட்டு விலகி ஒரு மாதம் மாடி அறையில் தங்கியிருந்த நிகழ்ச்சியை நீங்கள் பயானில் கேட்டிருப்பீர்கள். அந்த அறைக்கு ஏறும் வழி பேரீச்ச மரத் தண்டினால் ஆனது. இருபத்தொன்பது நாட்கள் கழிந்து நபியவர்கள் இறங்கியபோது உமர் (ரலி) அவர்களும் உடன் இறங்கினார்கள். நபியவர்கள் கையால் எதையும் தொடாமல், தரையில் நடப்பதைப் போல் இறங்கினார்கள் என்றும், தாம் அந்தத் தண்டைப் பற்றிப் பிடித்துக் கொண்டே இறங்கியதாகவும் உமர் (ரலி) அவர்களே அறிவிக்கின்றார்கள். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இது இருக்கின்றது. உமர் (ரலி) அவர்களின் உடல் வலிமையையும் வீரத்தையும் நாம் அறிவோம். அவர்களே பிடித்துக் கொண்டுதான் இறங்கினார்கள். அதனைச் சொல்வதற்கு அவர்கள் வெட்கப்படவுமில்லை. நம் வீட்டு இளைஞர்கள் கம்பியைப் பிடித்து இறங்குவதைக் கிழவர் வேலை என்று எண்ணுகின்றார்கள். அவர்கள் இதனைக் கேட்க வேண்டும்.

அரசரையும் விடாத படி

வரலாற்றிலும் படிப்பினை இருக்கின்றது. முகலாயப் பேரரசர் ஹுமாயூன் போர்க்களங்கள் பலவற்றைக் கண்டவர். நாட்டை இழந்து, பல ஆண்டுகள் அலைந்து, மறுபடியும் டெல்லியைக் கைப்பற்றியவர். அவருடைய மரணம் போர்க்களத்தில் நேரவில்லை. 1556 ஜனவரியில், டெல்லி பழைய கோட்டையில் தம் நூலகமாக இருந்த ஷேர் மண்டல் என்ற கட்டடத்தின் படிகளில் இறங்கிக் கொண்டிருந்தார். பாங்கு ஓசை கேட்டது. மரியாதைக்காகப் படியிலேயே அமர முயன்றபோது அவருடைய நீண்ட அங்கியில் கால் சிக்கி உருண்டு விழுந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சில நாட்களில் உயிர் பிரிந்தது. செங்குத்தான கற்படி, நீண்ட ஆடை, பிடிமானம் இல்லாத ஒரு கணம். நம் வீட்டிலும் ஜுப்பா அணிகின்றோம், கைலி அணிகின்றோம். நம் பெண்கள் புர்கா அணிந்து, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் குடத்தையும் ஏந்தி இறங்குகின்றார்கள்.

அதே டெல்லியில் 1981 டிசம்பர் 4 அன்று குதுப் மினாரின் உட்படிக்கட்டில் விளக்குகள் அணைந்தன. நூற்றுக்கணக்கானோர் இருட்டில் வாசலை நோக்கி முண்டியடித்ததில் 45 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அதன்பின் அக்கோபுரத்தினுள் பொதுமக்கள் ஏறுவது நிறுத்தப்பட்டது. குறுகிய படியும் இருட்டும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆகவே படிக்கட்டைத் திறந்து வெளிச்சம் வரச் செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் தவறன்று, நல்ல எண்ணமே. அதனைச் செய்யும் முறைதான் முக்கியம்.

உலகளவில் தற்செயலாக நேரும் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடி கீழே விழுவதே முதன்மையான காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இவ்வாறு இறப்பதாக 2021இல் அது தெரிவித்த மதிப்பீடு. அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நம் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாட்டினர். சாலையில் செல்லும் மகனுக்காகத் துஆச் செய்கின்றோம். வீட்டுப் படியில் இறங்கும் தாயை மறந்து விடுகின்றோம்.

சுவர் என்னென்ன வேலை செய்து கொண்டிருந்தது?

விபத்துக்குப் பின்னர் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரையும் முதிய கொத்தனார் ஒருவரையும் அழைத்து வந்து கேட்டேன். அவர்களிடம் கற்றதைச் சொல்கின்றேன். ஒரு படிக்கட்டுச் சுவர் மூன்று வேலைகளைச் செய்கின்றது. நாம் ஒன்றைக் கூட அறியாமல் அதை இடிக்கின்றோம்.

முதலாவது, அது மேல் தளத்தைத் தாங்கிக் கொண்டிருக்கலாம். நம் பழைய வீடுகளில் பல, மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளங்கள். அந்தச் சட்டங்களின் முனை எந்தச் சுவரில் அமர்ந்திருக்கின்றது என்று நிமிர்ந்து பாருங்கள். படிக்கட்டுச் சுவரில் அமர்ந்திருந்தால் அது சுமை தாங்கும் சுவர். இரும்பு அல்லது கான்கிரீட் உத்தரம் போட்டு, அதன் இரு முனைகளும் உறுதியான தூணிலோ சுவரிலோ அமர்ந்த பிறகுதான் அதற்குக் கீழே இடிக்க வேண்டும். அதுவரை முட்டு இருக்க வேண்டும். மேலே கூரைதானே, மாடி அறை இல்லையே என்று நினைத்துவிடக் கூடாது. கூரையும் சுமையே.

இரண்டாவது, அது படிகளையே தாங்கிக் கொண்டிருக்கலாம். பழைய வீடுகளில் கருங்கல் பலகைகளை இருபுறச் சுவர்களிலும் நுழைத்துப் படி அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு கல்லின் இரு முனைகளும் சுவருக்குள் இருக்கும். ஒரு பக்கச் சுவரை எடுத்தால் கல் ஒரு முனையில் மட்டும் தொங்கும். இன்று உடையாது. நிகாஹ் நாளில் பத்துப் பேர் சீர்த் தட்டுகளோடு ஏறும் போது உடையலாம்.

மூன்றாவது, அது பிடிமானம். என் தாயாரின் உள்ளங்கை சொன்ன பாடம் அது.

இந்த மூன்றையும் கேட்ட பிறகு அந்த முதிய கொத்தனார் சொன்ன யோசனை எனக்கு மிகப் பொருத்தமாகப்பட்டது. “முழுச் சுவரையும் ஏன் எடுக்கணும் ஹஜ்ரத்? படிக்கு மேல இடுப்பு உயரம் விட்டுட்டு மீதியை எடுங்க” என்றார். படிகளின் சரிவை ஒட்டி, ஒவ்வொரு படியிலிருந்தும் ஏறத்தாழ மூன்றடி உயரத்துக்குச் சுவரை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ளதை மட்டும் அகற்றுவது. வெளிச்சமும் காற்றும் வரும், கூடமும் திறந்து தெரியும். படிக்கல்லும் பழைய இடத்திலேயே அமர்ந்திருக்கும். மிஞ்சிய சுவரே கைப்பிடிச் சுவராகி விடும். அதன் உச்சியில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஒன்றைப் போட்டு, கீழ் முனையிலும் மேல் முனையிலும் தூணோடு பிணைக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரைப் பட்டையின்றி மொட்டையாக விட்டால் ஆள் சாய்ந்ததும் அது ஆடும். மேல் தளத்தின் சுமை அந்தச் சுவரில் இருந்தால், மேலே உத்தரம் போட வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு. முன்பே இதைக் கேட்டிருந்தால் என் வீட்டில் ஒரு இரவு கூட வெற்றிடம் இருந்திருக்காது.

வேலை நடக்கும் நாட்கள்

வேலையைத் தொடங்குபவர்கள் ஒழுங்கை மாற்ற வேண்டும். சுவரை இடித்து விட்டுக் கம்பிக்கு அளவு கொடுப்பது நம் வழக்கம். முதலில் கம்பி செய்து வீட்டுக்கு வரட்டும், அல்லது குறைந்தது அதற்குரிய தற்காலிகத் தடுப்புப் பொருள் வரட்டும். அதன்பின் கடப்பாரையைத் தொடுங்கள்.

இடிக்கும் நாளில் அந்தச் சுவரில் மின் கம்பி ஓடுகின்றதா என்று பார்த்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். மேலிருந்து கீழாகவே செங்கல்லை எடுக்க வேண்டும். அடியில் உடைத்து மேலுள்ளதைச் சாய்ப்பது விரைவாகத் தோன்றும். ஆனால் அது ஆளைக் கொல்லும் விரைவு. வேலைக்கு வரும் கொத்தனாரும் சித்தாளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் எந்த மதத்தவராயினும், மாலையில் அவர்களுடைய பிள்ளைகளிடம் முழுமையாகத் திரும்பிச் செல்ல வேண்டும்.

அன்று மாலை வேலை முடிந்து ஆட்கள் செல்லும் முன்னரே திறந்த பக்கத்தில் சவுக்குக் கட்டைகளை நட்டு, இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று எனக் குறுக்குக் கட்டைகளை இறுகக் கட்ட வேண்டும். கயிறு மட்டும் கட்டினால் அது எச்சரிக்கை, தடுப்பு ஆகாது. சாய்ந்தால் கயிறு தொய்ந்து விடும். முதியவர்களையும் குழந்தைகளையும் கம்பி நிலைக்கும் வரை கீழே உறங்கச் செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பகலில் அந்தப் படியில் அழைத்துச் சென்று, இப்பக்கம் சுவர் இல்லை என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். பழக்கப்பட்ட கை இருட்டில் பழைய சுவரைத்தான் தேடும்.

கைப்பிடி எப்படி இருக்க வேண்டும்?

உயரம், படியின் நடுவிலிருந்து அளந்தால் 90 முதல் 100 சென்டிமீட்டர் வரை, அதாவது சுமார் மூன்றடி முதல் மூன்றேகால் அடி வரை. மேல் தளத்தில் படிக்கட்டின் வாயைச் சுற்றி வரும் தடுப்பு இதற்குக் குறையவே கூடாது. அங்கிருந்து விழுந்தால் முழு உயரமும் விழ வேண்டும்.

பருமன், கை முழுவதும் சுற்றிப் பிடிக்கத் தக்கதாக, சுமார் ஒன்றரை அங்குல உருண்டைக் குழாய் போதும். அழகுக்காக அகலமான தேக்குப் பலகையைப் போட்டால் அதன் மேல் கையை வைக்கலாம், விழும் போது பற்ற முடியாது. சுவரோரம் வைப்பதானால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். இல்லையெனில் விரல் நுழையாது. இயன்றால் இருபுறமும் வையுங்கள். ஏறும் போது ஒரு கை, இறங்கும் போது மறு கை. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

கீழே உள்ள கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கை வசமாகக் கம்பி வைப்பது இப்போது நாகரிகம். குழந்தைகளுக்கு அது ஏணி. இரண்டு கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. சிறு குழந்தைகள் இருக்கக்கூடிய இடங்களில் 10 சென்டிமீட்டர் உருண்டை ஒன்று நுழையாதபடி இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. காரணம் எளிது. குழந்தையின் உடல் நுழைந்த இடத்தில் தலை சிக்கி விடும். பட்டறைக்குச் செல்லும் போது நான்கு அங்குல நீளத்தில் ஒரு கட்டைத் துண்டை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்துப் பாருங்கள்.

பொருத்துவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகின்றோம். கான்கிரீட் படியாயின் அடித்தகடு வைத்து ஆங்கர் போல்ட் முடுக்கலாம். விளிம்பை ஒட்டி முடுக்கினால் ஓரம் பெயர்ந்து விடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய படியில் அந்த போல்ட் நிற்காது. அங்கே குழி எடுத்து, கம்பத்தின் அடி முனையை மீன்வால் போல் பிளந்து, கான்கிரீட்டில் புதைத்து, ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை எவரும் சாயக் கூடாது. கம்பங்கள் மூன்றடிக்கு ஒன்றாவது இருக்கட்டும். முடிந்தபின் வீட்டில் கனமானவர் ஒருவர் இடுப்பால் அழுத்திச் சாய்ந்து பார்க்கட்டும். அசைந்தால் பணத்தைத் தர வேண்டாம், திருப்பிச் செய்யச் சொல்லுங்கள்.

குழாயின் முனைகளை நீட்டிக் கொண்டு நிற்க விடாமல் சுவர் பக்கமாகவோ தரைப் பக்கமாகவோ வளைத்துவிட வேண்டும். ஹுமாயூனின் அங்கியை நினைவில் வையுங்கள். ஜுப்பாவின் கையும் துப்பட்டாவின் முனையும் அந்த முனையில்தான் மாட்டும்.

கைப்பிடி மட்டும் போதாது. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகின்றது. நாம் கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டும் போது தரை உயர்ந்து முதற்படி குட்டையாகி விடுகின்றது. கால் பழகிய கணக்குத் தவறிவிடுகின்றது. பளபளப்பான டைல்ஸைப் படியில் ஒட்டாதீர்கள். ஒளூச் செய்த ஈரக் காலுக்கு அது கண்ணாடி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் ஒரு கோடு தீட்டுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு அது வழிகாட்டும். விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கத்தக்க இருவழி சுவிட்ச் வையுங்கள். மின்சாரம் போனால் தானே எரியும் சிறு விளக்கு ஒன்றும் இருக்கட்டும்.

எச்சரிக்கப்பட்டவரின் பொறுப்பு

நாம் மதரஸாவில் ஓதிய ஹனஃபி சட்ட நூலாகிய ஹிதாயாவில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்திருக்கின்றது. அதை அகற்றும்படி அவரிடம் சொல்லப்பட்டு விட்டது. அகற்றுவதற்குரிய அவகாசமும் வசதியும் இருந்தும் அவர் செய்யவில்லை. பிறகு அது விழுந்து ஒருவருக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பு அவரைச் சாரும். அந்தச் சட்டம் தெருவைப் பற்றியது, வீட்டுக்குள் உள்ள படியைப் பற்றியது அன்று. ஆயினும் அதிலுள்ள நியாயத்தை நான் என் நெஞ்சுக்குச் சொல்லிக் கொள்கின்றேன். அறியாதவன் ஒரு நிலை, அறிவிக்கப்பட்டவன் வேறு நிலை. என் தாயார் விழும் வரை நான் அறியாதவன். இன்று இந்த மேடையின் முன் அமர்ந்திருக்கும் நீங்கள் அனைவரும் அறிவிக்கப்பட்டவர்கள்.

விதி என்று சிலர் சொல்வார்கள். என்னிடமும் ஆறுதலுக்காகச் சொன்னார்கள். விதியை நாம் ஈமான் கொண்டுள்ளோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற போதனையும் நமக்குண்டு. கம்பியை வைப்பது ஒட்டகத்தைக் கட்டுவது. அதன்பிறகு நேர்வது விதி.

பணம் இல்லை என்போர் உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கின்றேன்: கம்பிக்குப் பணம் சேரும் வரை சுவர் இருக்கட்டும். இருட்டான படியில் ஒரு விளக்கும், சுவரில் ஒரு குழாயும் வைத்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கி விடும். வாடகை வீட்டில் இருப்போர் தயங்காமல் உரிமையாளரிடம் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவதாக, நம் பள்ளிவாசலின் மாடிப்படியையும் மதரஸாப் பிள்ளைகள் ஏறி இறங்கும் படியையும் நிர்வாகத்தினர் அளவுகோலோடு நேரில் பார்க்க வேண்டும். நான்கு அங்குலக் கட்டைத் துண்டை நானே கொண்டு வருகின்றேன்.

இரண்டாவதாக, திருமணங்களுக்கு நம் ஜமாஅத் தேக்சாக்களையும் தட்டுகளையும் இரவலாகத் தருகின்றது. அதுபோல், பத்து சவுக்குக் கட்டைகளும் போதிய கயிறும் பள்ளிவாசல் அறையில் இருக்கட்டும். படிக்கட்டுச் சுவரை எடுக்கும் எவரும் சாவியை வாங்கி எடுத்துச் செல்லலாம், கம்பி வந்த பின் திருப்பித் தரலாம். இந்தக் கட்டைகளுக்கான செலவை என் தாயாரின் பெயரால் நான் ஏற்கின்றேன்.

மூன்றாவதாக, துணையின்றி வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு நம் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் சென்று, படிகளைப் பார்த்து, தேவையான இடத்தில் ஒரு குழாயையாவது பொருத்தித் தர வேண்டும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் ஓதியிருக்கின்றோம். படியும் ஒரு பாதையே.

பெரியோர்களே! நம்முடைய ஊர் விதிகளைக் கல்லில் எழுதி வைத்த ஊர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊர்ப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று அந்நாளிலேயே இவ்வூரார் முடிவு செய்தனர். நாமும் கணக்குக் காட்டுவோம். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக்கு அடுத்த பக்கத்தில், எத்தனை வீட்டுப் படிகள் சீர் செய்யப்பட்டன என்று ஒரு வரி இடம்பெறட்டும்.

இன்று என் வீட்டுப் படியில் இருபுறமும் கைப்பிடி இருக்கின்றது. அசையாத கைப்பிடி. அதைப் பிடித்து ஏற வேண்டியவர்கள் மட்டும் கீழே கட்டிலில் அமர்ந்திருக்கின்றார்கள். உங்கள் வீட்டில் பிடிக்க வேண்டிய கை இன்னும் மாடி ஏறி இறங்கிக் கொண்டிருக்கின்றது. அந்தக் கை தேடும் போது அங்கே பிடிமானம் இருக்கட்டும்.

நம் வீடுகளையும் அதில் வாழ்வோரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நம் அலட்சியத்தை மன்னித்து, அறிந்ததைச் செயலாற்றும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.